பழைய ரவுட்டரை வைத்துப் பின்கட்டு வரை வைஃபை கொண்டுபோக முடியுமா?

தாழ்வாரம் | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் பழைய வீடு எங்களுடையது. வாசல் திண்ணையிலிருந்து கொல்லை வரை ரயில் பெட்டி மாதிரி நீளம். ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, அப்புறம் கிணற்றடி. போன வருடம் ஃபைபர் இணைப்பு வாங்கினோம். பொருத்த வந்த பையன் "கேபிள் இவ்வளவுதான் சார் எட்டும்" என்று பெட்டியை வாசல் அறையிலேயே மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

100 எம்பி பிளான். வாசல் அறையில் 92 வருகிறது. கூடத்தில் 30. இரண்டாம் கட்டில், என் மனைவி உட்கார்ந்து வேலை பார்க்கிற அறையில், 3. சில நாள் அதுவும் இல்லை. மீட்டிங்கில் பாதி வாய் திறந்தபடி அவர் உறைந்து நிற்கிற காட்சிதான் அவர் அலுவலகத்தில் பிரபலம்.

பரணில் தேடியதில் இரண்டு பெட்டிகள் கிடைத்தன. ஒன்று டிபி-லிங்க் 841என், இரண்டு கொம்பு வைத்தது. இன்னொன்று டெலிபோன் லைனில் பிராட்பேண்ட் வந்த காலத்து ஏடிஎஸ்எல் மோடம். இவற்றில் ஒன்றை வைத்து பின்பக்கம் சிக்னலை நீட்ட முடியுமா?

ஒரே நிபந்தனை: சுவரில் துளை போட முடியாது. சுண்ணாம்புச் சுவர், இரண்டடி அகலம். டிரில்லிங் மெஷினைக் கையில் எடுத்தாலே அம்மா வந்து நின்றுவிடுவார்.

நேரடி | சனி, இரவு 9.52

மெஷ் வாங்கி மாட்டுங்கள், பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாகப் பரப்பும். வேலை முடிந்தது.

பெங்குவின் | சனி, இரவு 10.15

இரண்டடிச் சுவர் நான்கைந்து குறுக்கே நிற்கும்போது மெஷ் பெட்டியும் அதே காற்று வழியாகத்தானே பேச வேண்டும், நேரடி சார்? பெட்டி புதிது என்பதற்காகச் சுவர் வழி விடாது.

தாழ்வாரம், 841என்னின் அடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் எந்த வெர்ஷன் என்று பார்த்துச் சொல்லுங்கள். அதன் செட்டிங்கில் வயர்லெஸ் பக்கத்தில் டபிள்யூடிஎஸ் என்று ஒரு டிக் இருக்கும். அதை வைத்துக் கம்பியில்லாமலே முன் பெட்டியோடு இணைக்கலாம். ஆனால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

தாழ்வாரம் | ஞாயிறு, காலை 11.05

வெர்ஷன் 9 என்று போட்டிருக்கிறது.

நீங்கள் சொன்ன டபிள்யூடிஎஸ்ஸை காலையிலேயே செய்து பார்த்துவிட்டேன். கூடத்துத் தூண் பக்கத்தில் 841ஐ வைத்தேன். முன் பெட்டியைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் கட்டில் போனில் சிக்னல் முழுக் கோடு! ஆனந்தத்தில் வேகம் பார்த்தால் 11. சிக்னல் முழுசாக இருக்கும்போது வேகம் ஏன் வரவில்லை?

பெங்குவின் | ஞாயிறு, காலை 11.30

போனில் தெரிகிற கோடு போனுக்கும் 841க்கும் நடுவில் உள்ள தொடர்பை மட்டும்தான் காட்டுகிறது. 841க்கும் முன் பெட்டிக்கும் நடுவில் என்ன நிலைமை என்பது அதற்குத் தெரியாது.

இரண்டாவது காரணம் முக்கியமானது. 841என்னில் ஒரே ஒரு ரேடியோதான், 2.4 கிகாஹெர்ட்ஸ். முன் பெட்டி சொல்வதை ஒரு தடவை கேட்கிறது, அதே விஷயத்தை அதே சேனலில் உங்கள் போனுக்குத் திருப்பிச் சொல்கிறது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஆக, எல்லாமே இரண்டு தடவை காற்றில் போகிறது; வேகம் பாதிக்குக் கீழே இறங்கும். கல்யாணப் பந்தியில் ஒரே ஆள் சமையல்கட்டுக்கும் இலைக்கும் நடந்துகொண்டிருப்பது மாதிரி. உங்கள் கூடத்தில் 30 என்றால் 15 வந்தாலே அதிகம், அதில் பக்கத்து வீட்டு இரைச்சல் வேறு. 11 என்பது நியாயமான கணக்குதான்.

ரவுட்டரின் சொந்த மென்பொருளை எடுத்துவிட்டு ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருளைப் போடலாமா என்று யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்த விஷயம் அது. 2002இல் வந்த லிங்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் மென்பொருளை வெளியிடச் செய்து, அதிலிருந்து ஆர்வலர்கள் வளர்த்தது. ஆனால் இந்த 841இல் ஃப்ளாஷ் 4 எம்பி, நினைவகம் 32 எம்பி. அந்த அளவுள்ள பெட்டிகளுக்கு 19.07 வரிசையோடு கதவை மூடிவிட்டார்கள். உங்கள் தேவைக்கு அது தேவையும் இல்லை.

கிரிம்பர் | ஞாயிறு, மதியம் 2.20

நெட்வொர்க் கடை வைத்திருக்கிறேன், தினமும் இந்தக் கேள்விதான். ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய ரவுட்டர் நல்ல பெட்டிதான், அதற்கு ஒரு கம்பி கொடுத்தால். கம்பி கொடுக்காமல் என்ன செட்டிங்கில் எதைத் தட்டினாலும் இந்த 11தான். செலவழிக்கிற நேரத்தைக் கம்பிக்குச் செலவழியுங்கள்.

துளை போட முடியாது என்கிறீர்கள். சரி. உங்கள் அம்மா டிவி எங்கே பார்க்கிறார்?

தாழ்வாரம் | ஞாயிறு, மதியம் 2.41

இரண்டாம் கட்டில்தான், அண்ணா. ஏன்?

கிரிம்பர் | ஞாயிறு, மதியம் 2.44

அந்த டிவிக்குக் கேபிள் எந்த வழியாகப் போயிற்று?

தாழ்வாரம் | ஞாயிறு, மதியம் 3.30

அண்ணா, இப்போதுதான் ஏணி போட்டுப் பார்த்தேன். வாசல் அறை மேலே உத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை, அங்கிருந்து முற்றத்துச் சுற்றுக் கூரைக்குக் கீழே ஓடி, கூடத்து ஜன்னலுக்கு மேலே நுழைந்து போகிறது. இருபது வருடமாகத் தலைக்கு மேலே இருக்கிறது, கண்ணில் பட்டதே இல்லை. இன்னொரு கேபிள் நுழைய இடம் இருக்கிறது. அளந்து பார்த்ததில் 27 மீட்டர்.

கிரிம்பர் | ஞாயிறு, மாலை 5.10

அவ்வளவுதான் விஷயம். கேட்5இ என்ற நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், 27 அதற்கு ஒன்றுமே இல்லை. கடையில் கேட்கும்போது முழுச் செம்பு வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள். அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம் பூசியதையும் அதே தோற்றத்தில் விற்கிறார்கள். கத்தியால் ஒரு நூலைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், அது வேண்டாம்; இரண்டு தடவை மடக்கினால் ஒடிந்துவிடும்.

இனி பெட்டி. இந்த வரிசை மாறக் கூடாது, மாற்றினால் நடுவழியில் பெட்டிக்குள்ளே போக முடியாமல் நிற்பீர்கள்.

முதலில் 841இன் ரீசெட் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து ரீசெட் செய்யுங்கள். காலையில் போட்ட டபிள்யூடிஎஸ் எல்லாம் போய்விடும். லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு, ஒரு சிறிய கேபிளால் 841இன் லேன் போர்ட்டில், அதாவது வீட்டுச் சாதனங்களுக்கான துளையில், இணையுங்கள். அடியில் ஒட்டிய தாளில் உள்ள முகவரியைப் பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள். நுழைந்தவுடன் நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அட்மின், அட்மின் என்று விட்டுவைப்பது பூட்டில் சாவியைத் தொங்கவிடுகிற மாதிரி.

அடுத்து வயர்லெஸ். பெயரும் பாஸ்வேர்டும் முன் பெட்டியில் என்னவோ அதையே எழுத்துப் பிசகாமல் போடுங்கள். பாதுகாப்பு டபிள்யூபிஏ2, ஏஇஎஸ். பாஸ்வேர்டு அடிக்காமலே இணைக்க வைக்கும் டபிள்யூபிஎஸ் இருந்தால் அணையுங்கள். சேனல் மட்டும் வேறாக இருக்க வேண்டும்: 2.4இல் ஒன்றோடொன்று இடிக்காதவை 1, 6, 11 மட்டும். முன் பெட்டி 1 என்றால் இதற்கு 11. நடுவில் 4, 8 என்று போட்டு புத்திசாலித்தனம் காட்ட வேண்டாம், இரண்டு பக்கமும் கெடும். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்.

மூன்றாவது, 841இன் லேன் முகவரி. முன் பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள். பெட்டி ஒரு தடவை அணைந்து எரியும். புது முகவரியில் மறுபடி உள்ளே போங்கள். முன் பெட்டி மற்றவர்களுக்கு முகவரி வழங்கும் பட்டியலில் இந்த 2 இருக்கக் கூடாது. அதன் செட்டிங்கில் 10இலிருந்து ஆரம்பிக்கிற மாதிரி வைத்துவிடுங்கள்.

கடைசியாக டிஹெச்சிபியை அணையுங்கள். வீட்டில் முகவரி வழங்குகிறவர் ஒருவர்தான் இருக்க வேண்டும், அது முன் பெட்டி.

அப்புறம் நீள கேபிளை முன் பெட்டியின் லேனிலிருந்து 841இன் லேனுக்குச் செருகுங்கள். நீல நிறத்தில் தனியாக இருக்கிற, வெளி இணைப்புக்கான வான் போர்ட்டில் அல்ல. வான் காலியாகவே இருக்கட்டும். ஒரு டேப் ஒட்டி மூடிவிட்டால் இன்னும் நல்லது. என்றைக்காவது யாராவது கழற்றித் துடைத்துவிட்டு அழகாக நீலத்தில்தான் செருகுவார்கள்.

சந்தேகம்99 | ஞாயிறு, மாலை 6.02

வானில் செருகினால் என்ன ஆகும்? எங்கள் வீட்டில் அப்படித்தான் இருக்கிறது, நெட் நன்றாகத்தான் வருகிறது.

பெங்குவின் | ஞாயிறு, மாலை 6.25

நெட் வரும். ஆனால் வீட்டுக்குள் ஒரு சுவர் எழும்பிவிடும். 841 தனக்குப் பின்னால் தனி வீடு ஒன்றை உண்டாக்கி, அதற்குத் தனி முகவரிகள் கொடுக்கும். பின்கட்டுப் போனிலிருந்து முன் அறைப் பிரின்டர் தெரியாது. கூடத்து டிவிக்கு வீடியோவை அனுப்ப முடியாது. இரண்டு பெட்டிகளும் ஆளுக்கொரு தடவை முகவரியை மாற்றி அனுப்புவதால் சில கேம்களும் வீடியோ அழைப்புகளும் மக்கர் செய்யும். உங்களுக்கு அப்படி எதுவும் தேவைப்படவில்லை என்றால் அப்படியே இருக்கட்டும்.

நேரடி | ஞாயிறு, இரவு 8.10

மெஷ் வாங்கியிருந்தால் இந்நேரம் படம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கிரிம்பர் | ஞாயிறு, இரவு 8.14

வாங்கியிருந்தால் அதற்கும் இதே கேபிளைத்தான் இழுக்கச் சொல்லியிருப்பேன்.

தாழ்வாரம் | செவ்வாய், இரவு 10.50

உதவி வேண்டும். அவசரம். கேபிள் இழுத்தாகிவிட்டது, செட்டிங் எல்லாம் போட்டேன். முதல் ஒரு மணி நேரம் பிரமாதம். பிறகு வீட்டில் பாதிப் பேருக்கு நெட் இல்லை. அம்மாவின் டேப்லெட்டில் வருகிறது. அதே அறையில் மனைவியின் லேப்டாப்பில் வரவில்லை. வைஃபை இணைந்திருக்கிறது என்றே காட்டுகிறது. என் போனை அணைத்துப் போட்டால் ஒரு தடவை வருகிறது, அடுத்த தடவை வரவில்லை. நாளை காலை ஒன்பது மணிக்கு அவருக்கு மீட்டிங். நான் இன்றைக்கு எங்கே படுப்பது என்பதே கேள்வியாக இருக்கிறது.

கிரிம்பர் | செவ்வாய், இரவு 10.58

பதற வேண்டாம். நெட் வராத லேப்டாப்பில் நெட்வொர்க் விவரத்தைத் திறந்து, டீஃபால்ட் கேட்வே என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். வருகிற டேப்லெட்டிலும் பாருங்கள்.

தாழ்வாரம் | செவ்வாய், இரவு 11.06

லேப்டாப்பில் 192.168.1.2. டேப்லெட்டில் 192.168.1.1.

கிரிம்பர் | செவ்வாய், இரவு 11.09

பிடித்துவிட்டோம். 841 இன்னும் முகவரி வழங்கிக்கொண்டிருக்கிறது. டிஹெச்சிபியை அணைத்துவிட்டுச் சேவ் அழுத்தினீர்களா?

ஒரு சாதனம் "எனக்கு முகவரி வேண்டும்" என்று கூவும்போது இரண்டு பெட்டிகளும் பதில் சொல்கின்றன. முந்திக்கொள்கிறவர் கொடுப்பதை அது வாங்கிக்கொள்ளும். 841 முந்தினால், வெளியே போக என்னிடம் வா என்று தன் முகவரியைக் கொடுக்கிறது. அதற்கு வெளியே போக வழியே கிடையாது, வான் காலி. அதனால்தான் ஒருவருக்கு வருகிறது, ஒருவருக்கு வரவில்லை. அதிர்ஷ்டம் மாதிரி மாறுகிறது.

தாழ்வாரம் | செவ்வாய், இரவு 11.25

சேவ் அழுத்தியிருக்கிறேன், ஆனால் ரீபூட் செய்யச் சொல்லி மேலே சிவப்பில் ஒரு வரி இருந்திருக்கிறது. அதைக் கவனிக்கவே இல்லை. இப்போது ரீபூட் செய்து, எல்லாவற்றிலும் வைஃபையை அணைத்துப் போட்டேன். எல்லோருக்கும் கேட்வே 1.1. நெட் வந்துவிட்டது. கட்டிலில்தான் படுக்கப் போகிறேன், நன்றி அண்ணா.

தாழ்வாரம் | புதன், இரவு 9.15

மீட்டிங் ஓடிவிட்டது, ஆனால் ஒரு குறை. பின்கட்டில் வேகம் 8, 9 என்றுதான் வருகிறது. 841க்கு ரொம்பப் பக்கத்தில் நின்றும் அப்படியே. லேப்டாப்பை 841இன் லேன் போர்ட்டில் நேராகக் கேபிளால் இணைத்தாலும் அதே 9. ஆக, வைஃபை மேல் குற்றம் இல்லை. கம்பிதான் வாழ்வு என்று சொன்னீர்களே!

கிரிம்பர் | புதன், இரவு 9.40

நேராக இணைத்துப் பார்த்தீர்கள் பாருங்கள், அது நல்ல வேலை. குற்றம் 27 மீட்டர் கேபிளில் இருக்கிறது. முனையை யார் அடித்தது? இரண்டு முனையிலும் கிளிப் கீழே பார்க்க, உலோகம் மேலே தெரியும்படி பிடித்து, இடமிருந்து வலமாக நிறங்களைச் சொல்லுங்கள்.

தாழ்வாரம் | புதன், இரவு 9.58

தெருக்கோடியில் டிவி கேபிள் வேலை பார்க்கிற தம்பிதான் அடித்துக் கொடுத்தார். இரண்டு முனையும் ஒரே மாதிரிதான்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ஒழுங்காக ஜோடி ஜோடியாக அடுக்கியிருக்கிறார்.

கிரிம்பர் | புதன், இரவு 10.20

அந்த ஒழுங்குதான் வினை.

100 எம்பி இணைப்பு 1, 2 என்ற ஊசிகளில் ஒரு ஜோடியையும், 3, 6 ஊசிகளில் இன்னொரு ஜோடியையும் பயன்படுத்துகிறது. 3ம் 4ம் ஜோடி அல்ல, 3ம் 6ம். ஒரு ஜோடியில் ஒரு நூலில் போவதற்கு நேர் எதிரானது மற்ற நூலில் போகும். இரண்டும் முறுக்கிக்கொண்டு போவதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டின் மேலும் சமமாக விழுந்து கழிந்துவிடும். உங்கள் கேபிளில் 3இல் வெள்ளை-பச்சை, 6இல் நீலம். வேறு வேறு முறுக்கு. அதனால் பக்கத்துப் பேச்சு எல்லாம் உள்ளே ஏறுகிறது. விளக்கு எரியும், டெஸ்டரிலும் எட்டு நூலும் சரி என்றே காட்டும், ஏனென்றால் முனைக்கு முனை தொடர்பு இருக்கிறது. இரண்டு மீட்டரில் தெரியவே தெரியாது. 27 மீட்டரில் காட்டிக்கொடுத்துவிட்டது.

இரண்டு முனையையும் வெட்டிவிட்டு இப்படி அடிக்கச் சொல்லுங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நடுவில் நீலத்தை அணைத்துக்கொண்டு நிற்க வேண்டும். முனையில் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க வேண்டாம். தம்பியைத் திட்டாதீர்கள், டிவி கேபிளில் ஒரே நூல்தான். அவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

மழைக்காலம் | வியாழன், காலை 7.30

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். முற்றத்துக் கூரைக்குக் கீழே கேபிள் போகிறது என்றீர்கள். ஐப்பசி இடி இறங்கும்போது அந்தச் செம்பு பெரிய ஆன்டெனா மாதிரி. ஃபைபர் மின்சாரம் கடத்தாது, ஆனால் நீங்கள் இழுத்தது கடத்தும். பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலே கேபிளில் மின்னழுத்தம் ஏறி இரண்டு பக்கப் பெட்டிகளும் போகலாம். எங்கள் வீட்டில் மாடிக்கு வெளிப்பக்கமாக இழுத்த கேபிளால் ஒரு மழையில் மூன்று சாதனங்கள் போயின. இடி கேட்க ஆரம்பித்ததும் இரண்டு முனையையும் கழற்றி வையுங்கள். கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டவும் வேண்டாம்.

சந்தேகம்99 | வியாழன், காலை 10.12

என்னிடம் இருப்பது அந்த டெலிபோன் காலத்து ஏடிஎஸ்எல் மோடம் மட்டும்தான். அதில் நீல வான் போர்ட்டே இல்லை, போன் வயர் சொருகுகிற சின்னத் துளைதான். அதை வைத்து இப்படிச் செய்ய முடியாதா?

பெங்குவின் | வியாழன், காலை 10.45

முடியும், உங்களுக்கு வேலை குறைவு. வான் இல்லாததால் தப்பாகச் செருக வழியே இல்லை. போன் துளையை மறந்துவிடுங்கள். முகவரியை மாற்றுவது, டிஹெச்சிபியை அணைப்பது, லேன் டு லேன், எல்லாம் அதேதான். ஒன்றை மட்டும் பாருங்கள்: பாதுகாப்பில் டபிள்யூபிஏ2 இருக்கிறதா? வெறும் டபிள்யூஇபி என்ற பழைய பாதுகாப்பு முறை மட்டும் என்றால் அதன் வைஃபையை அணைத்துவிட்டு, நான்கு போர்ட் ஸ்விட்சாக மட்டும் டிவிக்குப் பின்னால் வையுங்கள். டபிள்யூஇபியைச் சில நிமிடங்களில் உடைத்துவிடுவார்கள்.

பழைய பெட்டிக்கு அப்டேட் வராதே என்று கேட்பீர்கள். வராதுதான். ஆனால் வான் காலி, இன்டர்நெட்டிலிருந்து வருபவர் முன் பெட்டியைத் தாண்டித்தான் இதைத் தொட முடியும். 2017இல் வெளிவந்த கிராக் என்ற டபிள்யூபிஏ2 ஓட்டையிலும் முக்கியமாக ஒட்டுப் போட வேண்டியது போன், லேப்டாப் பக்கத்தில்தான். அதற்காக வங்கிக் கிளைக்கு இதை மாட்டச் சொல்ல மாட்டேன்.

தாழ்வாரம் | சனி, மாலை 6.30

முனைகளைத் திரும்ப அடித்தாயிற்று. தம்பி நிற வரிசையைத் தன் போனில் படம் எடுத்துவைத்துக்கொண்டார்.

841இல் கேபிளால் 93. பின்கட்டில் வைஃபையில் 58இலிருந்து 62. அம்மாவின் தொடர் நிற்காமல் ஓடுகிறது. முனைகளுக்குப் பக்கத்தில் "இடி வந்தால் பிடுங்கு" என்று அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன், மழைக்காலம் சாருக்கு நன்றி.

இரண்டு கேள்விகள். ஒன்று, வாசல் அறையிலிருந்து நடந்து வந்தால் போன் முன் பெட்டியின் சிக்னலையே ஒரு கோட்டில் பிடித்துத் தொங்குகிறது, பின் பெட்டிக்கு மாறுவதில்லை. இரண்டு, முன் பெட்டிக்கு ஒரு குட்டி யூபிஎஸ் இருக்கிறது, அதே மாதிரி இன்னொன்றை 841க்கும் வாங்கலாமா?

கிரிம்பர் | சனி, இரவு 8.05

இரண்டாவதற்கு முதலில். உங்கள் 841இன் அடாப்டரில் 9 வோல்ட் என்று இருக்கும், முன் பெட்டி 12 ஆக இருக்கலாம். செருகுகிற முனை ஒரே அளவு என்பதால் நுழைந்துவிடும். 9 வோல்ட் கேட்கிற பெட்டிக்கு 12 கொடுத்து ஒன்றை நானே சாகடித்திருக்கிறேன். 9 வோல்ட் வெளியீடு உள்ள யூபிஎஸ்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

போன் மாறாததற்குக் காரணம், எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது போன். பிடித்த சிக்னல் ரொம்பவும் நைந்துபோகும் வரை அது விடாது. முன் பெட்டியில் 2.4இன் டிரான்ஸ்மிட் பவரை நடுத்தரத்துக்கு இறக்குங்கள், கூடத்துக்கு வருவதற்குள் தானாக விட்டுவிடும். அந்த வசதி இல்லையென்றால் பின் பெட்டிக்கு மட்டும் வேறு பெயர் வைத்து, அம்மா டேப்லெட்டிலும் மனைவி லேப்டாப்பிலும் அந்த ஒரு பெயரை மட்டும் சேமித்துவிடுங்கள். அவர்கள் இருவரும் வாசலுக்கு வந்தா நெட் பார்க்கப் போகிறார்கள்?

தாழ்வாரம் | சனி, இரவு 9.20

பவரை இறக்கினேன், முற்றத்தைத் தாண்டும்போதே மாறுகிறது. அம்மா சாயங்காலம் திண்ணையில்தான் உட்காருவார் அண்ணா, அதனால் பெயரை ஒன்றாகவே விட்டுவிட்டேன்.

சந்தேகம்99 | ஞாயிறு, காலை 9.00

என் மோடத்தில் டபிள்யூபிஏ2 இருந்தது. மொட்டை மாடி அறையில் 34 வருகிறது. கேபிளை மாடிப்படி உள்பக்கமாகவே இழுத்துவிட்டேன்.

நேரடி | ஞாயிறு, காலை 9.31

எங்கள் பரணிலும் ஒரு பெட்டி கிடக்கிறது. அடியில் வெர்ஷன் 11 என்று போட்டிருக்கிறது. கேபிள் எத்தனை மீட்டர் வாங்குவது?